ரயில் ஹீலலிகேயோடு நிற்கலாமா?



பெங்களூர்ப் புறநகர் ரயில் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2020-இல் ஒப்புதல் தந்தது. நான்கு தடங்கள், சுமார் 148 கிலோமீட்டர். அதில் ராஜானுகுண்டே தடம் ஹீலலிகேயோடு முடிகிறது. ஆனேக்கல் ரோடு தாண்டினால் ஓசூர்! சரக்குக்கு மாநில எல்லை ஏது?

"ஓசூருக்குப் புது ரயில் விடு" என்று கேட்கிறோம். சரிதான், ஆனால் அது பாதிக் கோரிக்கை. பழைய சிக்னல் முறையில், முன்னே போன வண்டி அடுத்த நிலையம் சேர்ந்த பிறகே பின்வண்டிக்கு வழி கிடைக்கும். தானியங்கி சிக்னலோ இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகளை அனுப்புகிறது. கடையில் நாலு ஆள் வைத்தும் தராசு ஒன்றே என்றால் கூட்டம் குறையுமா? புதுப் பெட்டி மட்டும் வாங்கினாலும் இதே கதைதான்.

சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் தொடங்கியது. அங்கே மீட்டர் கேஜ் வண்டிக்கு 2004-இல்தான் ஓய்வு கிடைத்தது. குளிர்சாதன வண்டி 2025 ஏப்ரலில்தான் வந்தது. தானாக வந்து சேரும் என்று காத்திருந்தால் நமக்கும் இத்தனை காலம் ஆகலாம்.

இன்னொன்று. சென்னை மின்சார ரயிலில் கூடையோடு ஏற வியாபாரிகளுக்கெனத் தனி இடம் உண்டு. கதவு மூடிய பளபளப்பு வண்டியில் ராயக்கோட்டைத் தக்காளியை எங்கே இறக்கி வைப்பது?

ஆகவே ஓசூர் வரை நீட்டிப்பு, தானியங்கி சிக்னல், வியாபாரிகள் பெட்டி மூன்றையும் சேர்த்தே நம் சங்கம் தீர்மானம் போட வேண்டும். பாரூர் முதல் ஓசூர் வரை கிளைச் சங்கங்கள் கையெழுத்திட்டு, இரு மாநில அரசுகளுக்கும் ரயில்வே வாரியத்துக்கும் அனுப்பட்டும்.