குதிரை முதுகில் புண்: மெத்தையை மாற்றினால் மட்டும் தீருமா?

கீழ்ப்பழனி மலையில் இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தமது மட்டக்குதிரையின் முதுகில் வந்திருக்கும் புண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தோட்டத்திலிருந்து வண்டி வந்து நிற்கும் இடம் வரை நாலு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. வீட்டில் இருப்பதோ ஒரே குதிரை. புண் உள்ள இடத்தில் மட்டும் ஓட்டை வெட்டிய ஸ்பாஞ்சு மெத்தையைப் போட்டு வேலை வாங்கலாமா, எந்த மருந்து சீக்கிரம் ஆற்றும் என்பது அவர் கேள்வி. பறிப்பு முடிந்ததும் அவருடைய மகன் அதே குதிரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி, பாதையில் அழைத்துப் போக நினைக்கிறாராம். அதற்கு எப்படிப்பட்ட சேணம் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. ஓட்டை வெட்டிய மெத்தை பார்வைக்கு நல்ல யோசனைபோலத் தெரியும். ஆனால் ஓட்டையின் விளிம்பு முழுவதும் புண்ணைச் சுற்றி வளையமாக அழுத்தும். அந்த வளையத்துக்குள் ரத்த ஓட்டம் குறைந்து, நடுவில் வீக்கம் கூடும். ஆற வேண்டிய புண் அகலமாகும். புண்ணோடு வேலைக்குத் தகுதியில்லாமல் இருக்கும் விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மருந்தைவிட முக்கியம் ஓய்வு. சேணமும் வாரும் படாமல் இருந்தாலே பாதிப் புண் தானாக ஆறும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, அதில் நனைத்த சுத்தமான துணியால் தினமும் கழுவ வேண்டும். வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றித் தடவினால் ஈ குறையும். புண்ணுக்குள் ஊற்ற வேண்டாம். மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த பழைய ஆயில், பேட்டரிக் கரி இவற்றைப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எல்லாமே உயிருள்ள சதையைச் சுட்டு, ஆறுவதைத் தள்ளிப்போடும். சீழ் வடிந்தாலோ, புழு வைத்தாலோ, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் வீக்கம் எழுந்தாலோ கைவைத்தியம் போதாது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; 1962 என்ற எண்ணில் அழைத்தும் உதவி கேட்கலாம். ரணஜன்னி மற்றக் கால்நடைகளைவிடக் குதிரையை எளிதில் பிடிக்கும். அதனால் தடுப்பூசி போட்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் அப்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தோல் மூடியதும் வேலைக்குக் கிளப்பிவிடக் கூடாது. அந்த இடத்தில் முடி முளைத்து, விரலால் அழுத்தினால் குதிரை முதுகை நெளிக்காமல் நிற்க வேண்டும். அதுவரை பறிப்பு காத்திருக்காது என்பது உண்மைதான். பக்கத்துத் தோட்டத்துக் குதிரையை வாடகைக்குப் பிடிக்கலாம். களம் போட இடமும் வெயிலும் இருந்தால், பழத்தைத் தோட்டத்திலேயே காயவைத்து இறக்கலாம். காப்பிப் பழத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்த காப்பியாக இறக்கினால் நடை பாதிக்கு மேல் குறையும். குதிரைக்கு நோவு இல்லாத காலத்திலும் யோசிக்க வேண்டிய வழி இது.

இனி, புண் ஏன் வந்தது என்று பார்க்கலாம். பாரம் அதிகமானதால் வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாரம் ஒரு காரணமே தவிர முழுக் காரணம் அல்ல. அறுபது கிலோ முதுகு முழுக்கப் பரவினால் குதிரை தாங்கும். இருபது கிலோ ஒரே இடத்தில் குத்தி நின்றால் அங்கே ரத்தம் ஓடாமல் சதை சாகும். எலும்பை ஒட்டிய உள்சதைதான் பல நேரம் முதலில் கெடும். வெளித்தோல் உரிவது சில நாள் கழித்து. ஆகவே, தோல் உரிந்த அன்று என்ன நடந்தது என்று யோசிப்பதில் பலனில்லை.

குதிரையின் நடுமுதுகில் ஓடும் தண்டெலும்பின் மேல் எந்தப் பாரமும் உட்காரக் கூடாது. அதன் இரு பக்கமும் உள்ள நீளமான சதைப்பட்டைகள்தான் சுமக்க வேண்டியவை. சேணத்தின் முன்விளிம்பு தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். குதிரை காலை எட்டிப் போடும்போது அந்த எலும்பு பின்னால் நகரும். பின்விளிம்பு கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. குதிரைக்கு ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு விலா. கடைசி விலாவை விரலால் தடவிப் பிடித்து, அங்கிருந்து நேர் மேலே முதுகுக்கு வந்தால் எல்லை தெரிந்துவிடும்.

புதுச்சேணம் வாங்குவதற்கு முன், இருக்கும் சேணத்தைச் சோதிக்க வேண்டும். குதிரையைச் சமதளத்தில் நிறுத்தி, மெத்தை எதுவும் இல்லாமல் வெறும் சேணத்தை வைத்துப் பார்க்கவும். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாரம் ஏற்றிய பிறகும் அந்த இடைவெளி அடைந்துபோகக் கூடாது. பின்னால் குனிந்து பார்த்தால் தண்டெலும்புக்கு மேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு சேணத்தின் பக்கக் கட்டைக்கு அடியில் கையை நுழைத்து, முன்னிருந்து பின்னாகத் தள்ளிப் போகவும். முன்னும் பின்னும் இறுக்கமாக இருந்து நடுவில் கை தொளதொளவென்று போனால், சேணம் பாலம்போல நாலு முனையில் மட்டும் நிற்கிறது என்று பொருள். புண்ணும் அந்த நாலு முனையில்தான் வரும்.

சேணம் செய்கிறவரிடம் குதிரையைக் கூட்டிப்போக முடியாவிட்டால், வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும் தடித்த கம்பி ஒன்று போதும். தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால், சேணத்தின் நடு, பின்விளிம்பு ஆகிய மூன்று இடத்திலும் முதுகின் குறுக்கே வைத்து அமுக்கி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளலாம். அட்டை கட்டையோடு ஒட்டி உட்காருகிறதா என்று பார்த்துக் கட்டையைச் செதுக்கச் சொல்ல வேண்டும்.

மெத்தை விஷயத்தில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். சேணம் குத்துகிறது என்று இன்னொரு சாக்கை மடித்துப் போடுவார்கள். அளவு சிறிய செருப்புக்குள் துணியைத் திணித்தால் கால் இன்னும் நெருக்கப்படும் அல்லவா? குறுகலான சேணமும் அப்படியே. மெத்தை நல்ல சேணத்துக்குத் துணை. கெட்ட சேணத்துக்குப் பரிகாரம் ஆகாது. கம்பளி அல்லது பருத்தித் துணியால் ஆனதாகவும், சுருக்கமும் முள்ளும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு வியர்வையை உறிஞ்சாது. ஈரத்தோல் சீக்கிரம் உரியும். மெத்தையைப் போட்டதும் தோள்மேட்டுப் பக்கம் அதைச் சற்று மேலே தூக்கி, சேணத்தின் குழிக்குள் செருகிவிட வேண்டும்.

அடுத்தது வயிற்றுவார். வாரை இறுக்கினால் சேணம் நகராது என்று நம்பி மூச்சு முட்ட இறுக்குவது வழக்கம். பொருந்தாத சேணத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது நகரும். கூடவே மார்புக்கூடு விரிய இடமின்றிக் குதிரை ஏற்றத்தில் இரைக்கும். வார் உட்காரும் இடத்தைக் குதிரையின் உடலே சொல்லும். முன்னங்காலுக்குப் பின்னால் நாலு விரல் அளவு தள்ளி, மார்புக்கூடு ஒடுங்கும் இடம் அது. வாரை வேறெங்கே கட்டினாலும் நடக்க நடக்க அந்த இடத்துக்கே வந்து சேரும், வரும்போது சேணத்தையும் இழுத்துக்கொண்டு வரும். ஆகவே வாரின் வளையம் அதற்கு நேர் மேலே இருக்கும்படி சேணத்தைச் செய்ய வேண்டும்.

நைலான் கயிற்றை வாராகப் போடவே கூடாது, அது கத்திபோல அறுக்கும். நாலு விரலுக்குக் குறையாத அகலத்தில், பருத்தி அல்லது கம்பளியில் நெய்த பட்டை நல்லது. கட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். அதற்கு முழங்காலால் இடிப்பவர்கள் உண்டு. வலிக்குப் பயந்து குதிரை அடுத்த முறை இன்னும் உப்பும். முதலில் சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் கட்டி, இருபது அடி நடத்தி, பிறகு இரண்டு துளை ஏற்றினால் போதும். வாருக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். கடைசியில் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து விட்டால், வாருக்கு அடியில் மடிந்த தோல் நேராகிவிடும். முன்னங்கால் இடுக்கில் வரும் புண்ணுக்கு மடிந்த தோல் ஒரு முக்கியக் காரணம். அரை மணி நடந்த பிறகு வாரை மறுபடி பார்க்கவும். வியர்வை உப்பேறி விறைத்துப் போகாமல் அவ்வப்போது துவைத்துக் காயவைக்கவும் வேண்டும்.

மலைப்பாதையில் இறக்கத்தில் சேணம் கழுத்துக்கு வரும், ஏற்றத்தில் பின்னால் போகும். அதைத் தடுப்பது வாரின் வேலை அல்ல. ஏற்றத்துக்கு மார்புப் பட்டையும், இறக்கத்துக்குப் பின்தொடையைச் சுற்றிவரும் பட்டையும் வேண்டும். சுமையோடு இறங்கும் குதிரைக்கு வாலடிக் கயிறு மட்டும் போதாது, அது வாலடியை அறுத்துவிடும்.

பொதியின் இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்கிறதா என்று தொங்கு தராசில் பார்ப்பது அவசியம். கண் மதிப்பு ஏமாற்றும். ஒரு பக்கம் மூன்று கிலோ கூடினாலும் சேணம் நாள் முழுதும் அந்தப் பக்கம் இழுத்து, எதிர்ப்பக்கத் தோள்மேட்டில் தேய்க்கும். மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று 1965-ஆம் ஆண்டு விதிகள் உச்ச அளவு வைத்திருக்கின்றன. அது தாண்டக் கூடாத எல்லை. தினமும் ஏற்ற வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலை முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சேணம் இருந்த இடம் முழுக்க ஒரே சீராக வியர்த்திருந்தால் நல்லது. ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே வியர்க்கக்கூட விடாமல் அழுத்தம் விழுந்திருக்கிறது. அடுத்த புண் வரும் இடம் அதுவாக இருக்கலாம். கறுப்புக் குதிரையின் முதுகில் வெள்ளை முடித் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் பழைய சேணக் காயம். சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் இதையும் கவனிக்கலாம். கோடையில் இளைத்து மழைக்குப் பின் தேறும் குதிரைக்கு, ஆறு மாதத்துக்கு முன் பொருந்திய சேணம் இப்போது பொருந்தாமல் போகும்.

மகனின் சவாரித் திட்டத்துக்கு முதலில் கணக்குப் போட வேண்டும். பொதிச்சேணத்தில் ஆளை ஏற்றக் கூடாது, சவாரிச்சேணம் தனி. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தராசு இல்லாமலே எடையை மதிப்பிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் சுமார் 206 கிலோ. ஐந்தில் ஒன்று 41 கிலோ. சேணத்துக்கு ஆறு ஏழு கிலோ போக, 35 கிலோவுக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் ஏற்றலாம். பெரியவர்களை ஏற்ற இந்தக் குதிரை ஆகாது. பறிப்புக் காலம் முழுக்கச் சுமந்த முதுகுக்கு உடனே சவாரி வேலை கொடுப்பதும் சரியல்ல. குறைந்தது சில வாரம் மேய விட வேண்டும்.

குழந்தையானாலும் அங்கவடியில் தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கம் முறுகி, தோள்மேட்டை இழுக்கும். புறப்படும் இடத்தில் ஒரு திண்ணையோ உயரமான கல்லோ போட்டு, அதில் நின்று ஏறச் செய்ய வேண்டும்.