கஞ்சத்தனமா, கணக்கா?

நெதர்லாந்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் கஞ்சர்கள், முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவர்கள். இப்படி நினைக்கக் காரணங்களும் இல்லாமல் இல்லை.

நாலு பேர் சேர்ந்து காபி குடித்தால் ஒருவர் பணம் கட்டுவார். பிறகு மற்ற மூவரின் மொபைலுக்கும் அவரவர் பங்கைக் கேட்டு ஒரு லிங்க் வரும். 2016-ல் ஒரு வங்கி தொடங்கிய 'டிக்கி' என்ற சேவை இது. இன்று 'டிக்கி அனுப்பு' என்பது அன்றாடப் பேச்சாகிவிட்டது. நண்பர் வீடுதானே என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க முடியாது. டைரியைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். அலுவலகத்தில் மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைத்து, "உங்கள் திட்டம் சரிவராது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இதைக் கஞ்சத்தனம், மரியாதைக் குறைவு என்று ஒதுக்குவதற்கு முன் அந்த நாட்டின் மண்ணைப் பார்க்க வேண்டும். நிலத்தில் சுமார் 26 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரைகளையும் கால்வாய்களையும் பராமரிக்க 13-ம் நூற்றாண்டிலிருந்தே நீர் வாரியங்கள் உண்டு. இன்றும் 21 வாரியங்கள் தனித் தேர்தல், தனி வரியோடு இயங்குகின்றன. 'கரை கட்ட மறுப்பவன் இடத்தைக் காலி செய்யட்டும்' என்பது அங்கே பழமொழி. ஒருவன் தன் பங்கைச் செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனும் சேர்ந்து மூழ்குவான். 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் பங்கு கேட்பது அவமானம் இல்லை. ஒருவரை ஒருவர் கடன்பட்டவராக வைத்திருப்பதுதான் சங்கடம். யாரும் யாருக்கும் கடன்படாத இடத்தில் முகதாட்சண்யத்துக்கு வேலை குறைவு. அதனால்தான் பேச்சும் நேராக வருகிறது.

அப்படியானால் எல்லாம் சரியா? இல்லை. கணக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாடுதான் உதாரணம். குழந்தைக் காப்பகச் செலவுக்கான அரசு உதவித்தொகையில், சின்னப் பிழைக்காகப் பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர்கள்போல் நடத்தி, மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்டது வரித்துறை. குடும்பங்கள் கடனில் மூழ்கின. பாதிக்கப்பட்டவர்களில் பலர் வெளிநாட்டு வேர்கள் உள்ளவர்கள். இரட்டைக் குடியுரிமை விவரத்தை வரித்துறை பயன்படுத்திய விதம் சட்டவிரோதம், பாரபட்சம் என்று 2020-ல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. 2021 ஜனவரியில் மார்க் ருட்டேயின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விடாமல் கேள்வி கேட்டு இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமான ஒருவர் பீட்டர் ஓம்ட்சிக்ட். அவர் அப்போது ஆளும் கூட்டணியைச் சேர்ந்த எம்.பி.யாக இருந்தார். சொந்த அரசையே முகத்துக்கு நேராகக் கேட்ட அதே டச்சுப் பழக்கம்தான் அங்கே கைகொடுத்தது.

ஆகவே அங்கே போகிறவர்கள் டிக்கி லிங்க்கைப் பார்த்து மனம் நோக வேண்டியதில்லை. பங்கைக் கட்டிவிட்டு, நேராகப் பேசவும் பழகிக்கொள்ளட்டும். கணக்கில் தவறு நடந்தால் எதிர்த்துக் கேட்க அந்தப் பேச்சுதான் உதவும்.