நாக்குச் சவ்வும் நாகதோஷமும்

பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தையொன்று முலையைப் பற்றுவதும், நழுவவிடுவதும், அழுவதுமாயிருந்தால் நம் ஜனங்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? குழந்தையின் வாயையா என்றால், அதுதான் இல்லை. ஜாதகத்தைப் பார்க்கிறார்கள். நாகதோஷம் என்கிறார் சோதிடர். கிரகணத்தன்று கர்ப்பிணி வாசலுக்கு வந்தாள் என்கிறாள் பாட்டி. வெள்ளியில் நாக்குச் செய்து உண்டியலில் போடு என்கிறார் பூசாரி. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, "இவள் பாலே சரியில்லை" என்று பிள்ளை பெற்றவள் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் புட்டியை எடுக்கிறார்கள். இத்தனை பேர் கூடிய வீட்டில், வெளிச்சத்தில் வைத்துக் குழந்தையின் நாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் புத்தி ஒருவருக்காவது வந்ததா என்று கேட்கின்றோம்.

நாக்கின் அடியில் எல்லோருக்கும் ஒரு சவ்வு உண்டு. சில குழந்தைகளுக்கு அது குட்டையாகவோ, தடிப்பாகவோ, நாக்கின் நுனிவரை ஒட்டியோ இருந்து நாக்கை நீளவிடாமல் பிடித்துக்கொள்ளும். பால் குடிப்பதென்பது காம்பை மாத்திரம் சப்புவதல்ல. நாக்கைக் கீழ் ஈறுக்கு மேல் நீட்டி, காம்போடு கூட அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் வாய்க்குள் வாங்கவேண்டும். நாக்கு நீளாவிட்டால் காம்பு ஈறுகளுக்கிடையில் நசுங்குகிறது. தாய்க்குப் புண், குழந்தைக்குப் பசி. பால் வெளியேற வெளியேறத்தான் புதுப்பால் சுரக்கும். வெளியேறாவிட்டால் சுரப்பும் குறையும். ஆகவே, இவ்விடத்தில் பால் வற்றியதால் குழந்தை குடிக்கவில்லை என்பது தலைகீழ்ப் பேச்சு. குடிக்க முடியாததால் பால் வற்றுகிறது. இதில் ராகுவுக்கும் கேதுவுக்கும் என்ன வேலை? பாம்பு தன் குட்டிக்குப் பாலூட்டுகிற ஜந்துவே அல்ல. முலைப்பால் விஷயத்தில் அதனிடம் போய்ப் பரிகாரம் கேட்பானேன்? குழந்தைக்கு இறங்காத பாலைப் புற்றில் ஊற்றினால் யாருக்கு இறங்கும்?

தாயானவள் பாலூட்டுவதை நிறுத்தவேண்டியதில்லை என்பதே நாம் முக்கியமாய்ச் சொல்ல வருவது. சாய்ந்து படுத்தாற்போல் இருந்துகொண்டு, குழந்தையை வயிற்றோடு அணைத்து, அது வாயை நன்றாய்த் திறந்தபின், அதன் முகவாய் முலையில் அழுந்தும்படி சேர்த்துப் பிடித்தாலே பல குழந்தைகள் குடித்துவிடும். அப்படியும் போதாவிட்டால், பாலைக் கையால் பீய்ச்சிச் சங்கில் புகட்டலாம். சுரப்பும் நிற்காது, குழந்தையும் வாடாது. நம் வீடுகளில் சங்கு இருக்கிறது. அதில் சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் ஊற்றுவதுதான் பைத்தியக்காரத்தனம். ஒரு வயதுக்குள் தேன் ஆகவே ஆகாது. புட்டியைப்பற்றியோ கேட்கவேண்டியதேயில்லை. தாய்மாரின் பயத்தை வியாபாரிகள் காசாக்கக்கூடாதென்றுதான், குழந்தைப் பால்மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992-ம் வருஷத்துச் சட்டத்தால் இந்தியாவில் தடுத்திருக்கிறார்கள். டாக்டர் அவசியமென்று சொன்னால் கொடுக்கட்டும். மாமியார் சொன்னால் வேண்டாம்.

நிற்க, சோதிடரை விட்டுத் தப்பி வந்தவர்கள் வேறொரு வலையில் விழுவதையும் பார்க்கிறோம். சவ்வு என்ற பேச்சு எழுந்தவுடனே லேசர் கருவியால் சுட்டுவிடுவோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய நாக்குடைய குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே பால் குடிக்கக் கஷ்டம் உண்டாகிறதென்று கண்டிருக்கிறது. 302 குழந்தைகளைக்கொண்டு நடந்த 5 சோதனைகளை 2017-ல் காக்ரேன் என்னும் ஸ்தாபனத்தார் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், சவ்வை அறுத்ததால் தாயின் காம்பு வலி சில காலத்துக்குக் குறைந்தது வாஸ்தவம். குழந்தை குடிப்பது ஒரேவிதமாய்த் தேறியதென்று காட்ட முடியவில்லை. ஆனபடியால் நாம் அறுவையை வெறுக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. பிடிக்கும் விதத்தைத் திருத்திப் பார்த்தும் பயனில்லையென்றால், பழகிய டாக்டர் முனை மழுங்கிய கத்தரியால் சில விநாடிகளில் அறுத்துவிடுவார். இரத்தம் சொற்பம், உடனே பால் கொடுக்கலாம். குடும்பத்தில் இரத்தம் உறையாத வியாதி இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். நகத்தாலும் சவரக்கத்தியாலும் வீட்டில் கிழிக்கிற வேலை மாத்திரம் கூடவே கூடாது.

பரீட்சை வேண்டுமானால் பஞ்சாங்கத்தைப் புரட்டவேண்டாம். ஐந்து நாளைக்குமேல் குழந்தை தினம் ஆறு தடவையாவது துணியை நனைக்கிறதா? முதல் சில நாளில் இளைத்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டதா? வெள்ளி நாக்கைத் தட்டார் கடையில் நிறுத்துப் பார்க்கிறவர்கள் குழந்தையையும் ஒரு தராசில் வைக்கட்டும். எடை ஏறவில்லையென்றால், அன்றைக்கே தாயையும் பிள்ளையையும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், பால் குடிக்கும்போதே பார்க்கும்படி டாக்டரைக் கேட்கவேண்டும்.