பி.டி. பீரியடை எடுத்தது யார்?

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் உண்டு, டைம்டேபிளில் மட்டும்! மணி அடித்ததும் கணக்கு சார் சாக்பீஸோடு வந்துவிடுவார். "பப்ளிக் எக்ஸாம் வருது, விளையாட்டா முக்கியம்?" என்பார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவும் அதையேதான் சொன்னார். இருவர் மேலும் கோபமில்லை. ஆனால் அந்தக் கடைசி பீரியட் கணக்கு ஒன்றுகூட மண்டையில் ஏறவில்லை. பாதிப் பேர் தூங்கி வழிந்தோம்.

அமெரிக்காவில் சார்லஸ் ஹில்மேன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் நடந்த பிள்ளைகள் கவனச் சோதனையையும் வாசிப்புச் சோதனையையும் நன்றாகச் செய்தார்கள். 20 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் எங்கள் வகுப்பைப் பார்த்தவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடச் சொல்கிறது. எங்களுக்கு வாரத்துக்கே அது கிடைக்கவில்லை.

என் பெஞ்சு நண்பன் கபடிக்காகவே பள்ளிக்கு வந்தவன். படிப்பு சுமார்தான். "டீம்ல இருக்கணும்னா மட்டம் போடக்கூடாது" என்று பி.டி. சார் சொன்னதால் ஒருநாள்கூட லீவு போடமாட்டான். டிசம்பரில் கபடியை நிறுத்தினார்கள். பொங்கல் லீவு முடிந்து அவன் வரவேயில்லை. ஹால் டிக்கெட் வந்தது, வாங்க ஆளில்லை. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்கிறவர்கள் இவனுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

இப்போது லாரியில் லோடு ஏற்றுகிறான். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "இன்னும் விளையாடுறியாடா?" என்றுதான் முதலில் கேட்டான்.