சன்னிதியில் எழுந்த சந்தேகம்

மார்கழி மாதத்து விடியற்காலை. நீராடி, வாசலில் கோலமிட்டு, பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, துளசி மாலையுடன் பெருமாள் கோயிலுக்குப் புறப்படுகிறார் ஒரு மூதாட்டி. கொடிமரத்தின் அருகே வணங்கி, உள்ளே சென்று, கூட்டத்தின் நடுவே இடம் பிடித்து நிற்கிறார். திரை விலகுகிறது. தீபாராதனையின் ஒளியில் திருமுகம் தெரியும் அந்தக் கணத்தில் அவர் உள்ளத்தில் ஒரு முள் தைக்கிறது: "அடுப்பை அணைத்தோமா?" அதன் பிறகு அவர் கண்ணுக்குப் பெருமாள் தெரிவதில்லை; சமையலறைதான் தெரிகிறது. தீர்த்தமும் சடாரியும் பெறாமலே வீட்டுக்கு விரைகிறார். அங்கே அடுப்பு அணைந்தே இருக்கிறது.

ஆபத்து இல்லை என்று கண்டும் அவர் மனம் ஆறுவதில்லை. 'புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டதோ' என்ற அச்சம் ஒருபுறம். 'பகவான் முன் நின்றும் அடுப்பை நினைத்தேனே, என் பக்தி இவ்வளவுதானா' என்ற குற்ற உணர்வு மறுபுறம். முதிர்ந்த அன்பர்கள் பலரை இவ்விரண்டும் வாட்டுகின்றன. மனத்தின் இயல்பைச் சற்று அறிந்தால், இவை பெரும்பாலும் வீண் கவலைகளே என்பது விளங்கும்.

நெடுநாள் பழகிய வேலையை மனம் கைகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளாக அடுப்பை ஏற்றி அணைத்த கை, ஒவ்வொரு முறையும் மனத்தின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. கை அடுப்பின் திருகைத் திருப்பும்போது, மனம் கோயில் நடை திறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. கவனம் படாத செயல் நினைவில் ஆழமாகப் பதிவதில்லை. ஆகவே அந்த மூதாட்டி எதையும் மறந்துவிடவில்லை; மறப்பதற்கு அங்கே ஒன்றும் சரியாகப் பதியவே இல்லை. நேற்று அணைத்ததும் முன்தினம் அணைத்ததும் ஒன்றுபோலவே இருப்பதால், இன்று அணைத்ததைத் தனியே பிரித்தறிவதும் கடினமாகிறது.

இது முதுமைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ஆம் ஆண்டு வெளியிட்ட தமது பெருநூலில், கவனம் சிதறியவர்களின் செயல் ஒன்றைக் குறிப்பிடுகிறார். இரவு விருந்துக்கு உடை மாற்றிக்கொள்ளப் படுக்கையறைக்குச் சென்றவர், ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, இறுதியில் கட்டிலில் ஏறிப் படுத்தே விடுவதுண்டாம். உடையைக் களைந்தால் அடுத்தது உறக்கம் என்று உடல் பழகியிருக்கிறது. இடையில் மனம் குறுக்கிடவில்லை.

இத்தகைய பிசகுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரீசன். தேநீர் தயாரிக்கும் வேளையில் பூனை உணவுக்காகக் கத்த, பூனையின் உணவைக் கரண்டியில் அள்ளித் தேநீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்ட தமது சொந்த அனுபவத்தை அவரே சொல்லியிருக்கிறார். அன்பர்கள் சிலரை அன்றாடத் தவறுகளை நாட்குறிப்பில் எழுதி வரச் செய்து அவர் கண்டது இதுதான்: பிசகு பெரும்பாலும் நேர்வது தெரியாத வேலையில் அன்று, நன்கு தெரிந்த வேலையில், மனம் வேறொன்றில் மூழ்கியிருக்கும்போது. அப்படியானால் அது திறமை குன்றியதன் அடையாளம் ஆகாது. திறமை ஊறிப்போனதன் விலை என்றே கொள்ளலாம்.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும் இடத்திலும் ஒரு தடுமாற்றம் உண்டு. பட்டாச்சாரியார் கேட்டதும், ஒரு பேத்தியின் பெயருக்குப் பதிலாக இன்னொரு பேத்தியின் பெயர் வாயில் வந்துவிடுகிறது. உடன் வந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாட்டிக்கு முகம் வாடுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெயர் மாறுவது கண்டபடி நேர்வதில்லை. குடும்பத்தினரின் பெயர் குடும்பத்தினரின் பெயரோடும், நண்பரின் பெயர் நண்பரின் பெயரோடும் மாறுகிறது. இளைஞர்களிடமும் இது உண்டு. வீட்டில் வளரும் நாயின் பெயர்கூட இந்த வரிசையில் வந்துவிடுகிறதாம். அன்புக்குரியவர் அனைவரையும் மனம் ஓர் அறையில் வைத்திருக்கிறது. அவசரத்தில் ஒருவரை அழைக்க, மற்றொருவர் எழுந்து வருகிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, குற்ற உணர்வைப் பற்றி. வாய் தவறுதலுக்கும் கை தவறுதலுக்கும் அடியில் மறைந்த விருப்பங்கள் இருக்கின்றன என்று வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 1901-இல் எழுதினார். அக்கருத்து உலகெங்கும் பரவியது. பின்வந்த ஆராய்ச்சியோ, பெரும்பாலான பிசகுகளுக்குப் பழக்கமும் கவனச் சிதறலுமே போதிய காரணங்கள் என்று காட்டியது. சன்னிதியில் அடுப்பின் நினைவு வந்ததால் பக்தி குறைந்துவிட்டதாகப் பொருளில்லை. வீட்டைக் காக்கும் பொறுப்பை உள்ளம் இன்னும் இறக்கி வைக்கவில்லை என்பதே பொருள்.

அந்தப் பொறுப்பை எப்படி இறக்கி வைப்பது? திரும்பத் திரும்பச் சென்று பார்ப்பது மருந்தன்று. நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கணினித் திரையில் தோன்றும் அடுப்பைப் பலமுறை அணைத்துச் சரிபார்க்கச் செய்தார்கள். பலமுறை சரிபார்த்தவர்களின் நினைவு பிழையாகிவிடவில்லை. ஆனால் அந்த நினைவின் தெளிவு மங்கி, அதன்மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. ஐயத்தைத் தீர்க்கச் செய்த காரியமே ஐயத்தை வளர்த்தது.

பத்து முறை பார்ப்பதைவிட, ஒரு முறை முழு மனத்துடன் பார்ப்பதே உதவும். ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சைகை விளக்கை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லிய பிறகே வண்டியைச் செலுத்துகிறார்கள். கண், கை, வாய், செவி நான்கும் சேர்ந்தால் மனம் விலகி ஓட இயலாது. நம் பெரியோர்களுக்கும் இது புதிதன்று. பூஜையின் தொடக்கத்தில் சங்கல்பம் செய்துகொள்வது எதற்காக? இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார், இன்ன காரியத்தைச் செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கை பூவைத் தொடுகிறது.

நினைவுக்குப் புறத்தே துணை தேடுவதிலும் அவர்கள் தாழ்வு கருதவில்லை. நூற்றெட்டு முறை வலம் வருகிறவர் நூற்றெட்டுப் பூக்களை எண்ணி எடுத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக வைத்துச் செல்கிறார். ஜபம் செய்பவர் எண்ணிக்கையை மணிமாலையிடம் விட்டுவிட்டு, மனத்தை நாமத்திடம் கொடுக்கிறார். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் இட்டு வைப்பதும், சாவிக்கென்று ஓர் ஆணி அடித்து வைப்பதும் அதே அறிவின் தொடர்ச்சிதான்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சாவியை வைத்த இடம் மறப்பது இயல்பு. சாவி எதற்கு உரியது என்பதே விளங்காமல் போவது இயல்பன்று. தினமும் சென்று வந்த கோயில் தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பதும், கேட்ட கேள்வியைச் சற்று நேரத்தில் மீண்டும் மீண்டும் கேட்பதும், கணக்கு வழக்குகளில் புதிதாகக் குழப்பம் காண்பதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. மறதி என்றாலே தீராத நோய் என்று அஞ்ச வேண்டாம். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, தூக்கமின்மை, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் நினைவைக் கலக்கும். கண்டறிந்தால் இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மரக்கறி உணவு மட்டும் உண்ணும் முதியோர் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வீட்டில் உள்ள இளையோரும், "எல்லாம் வயதுக் கோளாறு" என்று நகையாடித் தள்ளாமல், துணைக்கு உடன் செல்ல வேண்டும்.

நினைவு என்றும் ஒருபடித்தாக இராது என்பதை அருளாளர்கள் அறிந்திருந்தனர். கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில், நினைவும் அறிவும் அவற்றின் நீக்கமும் தன்னிடமிருந்தே வருவதாகக் கண்ணன் அருளுகிறான். உயிர் பிரியும் வேளையில் உடல் தளர்ந்து தம்மால் நினைக்க முடியாமற் போகலாம் என்று எண்ணிய பெரியாழ்வார், உள்ளம் தெளிவாக இருக்கும்போதே திருவரங்கத்துப் பெருமானிடம் தம் விண்ணப்பத்தை வைத்துவிட்டார். தாம் மறந்தாலும் கேட்டவன் மறக்கமாட்டான் என்ற உறுதியே அவருடைய காப்பு.

மறுநாள் விடியலில் அந்த மூதாட்டி பாலை இறக்குகிறார். திருகை மூடி, அதன்மேல் விரலை வைத்து, "அடுப்பு அணைந்தது, நாராயணா" என்று தம் காதில் விழும்படி சொல்கிறார். பூட்டிய கதவைத் தொட்டு, "கதவு பூட்டியாயிற்று" என்கிறார். கோயிலில் திரை விலகுகிறது. அடுப்பின் நினைவு அன்றும் எட்டிப் பார்க்கிறது. வாயால் சொன்ன சொல் காதில் ஒலிக்க, அது வந்த வழியே திரும்பிச் செல்கிறது. தீர்த்தம் பெற்று, சடாரிக்குத் தலை தாழ்த்தி, அவசரமின்றி வெளியே வருகிறார்.