பேரனின் கடற்கொள்ளையர் பார்ட்டி

குழந்தைகள் பிறந்தநாளுக்கு 'தீம்' இல்லாமல் கேக் வெட்டக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் பேரனுக்கு ஏழு வயது முடிகிறது. அவன் கேட்பது கடற்கொள்ளையர் பார்ட்டி. "திருடன் வேஷத்தில் பிறந்தநாளா?" என்று சேலையூர் ஏரிப்பக்கம் காலையில் நடக்க வரும் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' பார்த்துவிட்டு வந்து தென்னை மட்டையால் வாள் வீசியவர்கள்தானே நாம்? அதில் எம்.ஜி.ஆர். வைத்தியர் மணிமாறன், அடிமையாக விற்கப்பட்டு, கடைசியில் கடற்கொள்ளையரோடு சேர வேண்டி வருகிறது. அப்போது யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை.

என் ஆட்சேபணை வேறு. பார்ட்டி ஏற்பாடு செய்பவர் ஒருவர் வீட்டுக்கு வந்து செல்போனில் படம் படமாகக் காட்டினார். மண்டையோடு போட்ட பலூன், ஒற்றைக் கண் பட்டை, பிளாஸ்டிக் துப்பாக்கி, தொப்பி. தலைக்கு 1,400 ரூபாய், இருபது பிள்ளைகளுக்கு 28,000. மூன்று மணி நேரத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகிற சாமான்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வந்தவுடனே அழைப்புப் பட்டியல் சுருங்கும். முதலில் விழுந்தது எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனின் இரண்டு பிள்ளைகளின் பெயர். தினமும் மாலையில் பேரனோடு கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள். "மாமா, இப்போ எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்றாள் மருமகள். எல்லாரும் செய்வதால்தான் யோசிக்க வேண்டும் என்றேன்.

இந்த ஒற்றைக்கால், தோளில் கிளி, புதையல் வரைபடம் எல்லாம் பெரும்பாலும் ஸ்டீவன்சன் 1883-ல் புத்தகமாக வெளியிட்ட 'ட்ரெஷர் ஐலண்ட்' கதையிலிருந்து வந்தவை. ஆனால் நிஜக் கொள்ளை நடந்தது எங்கே? நம் கடலில். 1695-ல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயன், மெக்கா போய்விட்டு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைப் பிடித்தான். அதில் வந்த யாத்ரீகர்களுக்கும் பெண்களுக்கும் நேர்ந்த கொடுமை குழந்தைகளிடம் சொல்லக் கூடியதல்ல. கேப்டன் கிட் 1698-ல் கொச்சிக்கு அருகே பிடித்த 'குவேதா மெர்ச்சண்ட்', வங்காளத்திலிருந்து சரக்கு ஏற்றிச் சூரத்துக்குப் போன கப்பல். 1701-ல் லண்டனில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பறிபோனது நம் ஊர்ச் சரக்கு, கதை மட்டும் கரீபியன் என்று நம் பிள்ளைகளிடமே திரும்பி வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சாண்டில்யனின் 'ஜலதீபம்' படித்தவர்களுக்குக் கனோஜி ஆங்கரேயை நினைவிருக்கும். மராட்டியக் கடற்படைத் தலைவர். ஆங்கிலேயர் ஏடுகளில் அவர் கடற்கொள்ளையர். 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து வந்தும் அவரை அசைக்க முடியவில்லை. இன்று மும்பையில் நம் கடற்படைத் தளத்துக்கே 'ஐ.என்.எஸ். ஆங்கரே' என்று பெயர். இதைச் சொன்னபோது பேரன், "அப்ப அவர் நல்லவரா, கெட்டவரா தாத்தா?" என்றான். "யார் கப்பல்லேர்ந்து பார்க்கிறேங்கிறதைப் பொறுத்தது" என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. இருக்கட்டும்.

துப்பாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள், மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்துப்போனார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். 2021-ல் பத்து கோடி ரூபாய் நஷ்டஈட்டோடு உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இதை நான் பிறந்தநாளன்று சொல்லப்போவதில்லை, மருமகளிடம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் பட்டியலில் துப்பாக்கியை அடித்துவிட்டாள்.

கண் பட்டையும் கிடையாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு மாடிப்படியின் ஆழம் தெரியாது. உயரமான தொப்பி போதும், அதைப் பழைய செய்தித்தாளில் மடித்தே செய்யலாம். கேம்ப் ரோடு கடையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கேட்டு வைத்திருக்கிறேன், அதுதான் கப்பல். வரைபடத் தாளைக் காபி டிகாஷனில் நனைத்துக் காயவைத்து, ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் கருக்கினால் முந்நூறு வருஷத்துக் காகிதம் தயார் (கருக்குவது பெரியவர்கள் வேலை). புதையல் வேட்டை மோட்டார் ரூமில் தொடங்கி முருங்கை மரம் வழியாக மொட்டை மாடிக்குப் போகும். பெட்டியில் கடலை மிட்டாய், தேன் மிட்டாய், ஆளுக்கொரு கதைப் புத்தகம். எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் அடங்கும்.

வாட்ச்மேன் பிள்ளைகளையும் சேர்த்து இப்போது இருபத்திரண்டு பேர். கேக் விஷயத்தில் மட்டும் மருமகள் விட்டுக்கொடுக்கவில்லை; கறுப்பு கிரீமில் பாய்மரக் கப்பல் சொல்லியாகிவிட்டது. பரணிலிருந்து இறக்கிய என் அப்பாவின் டிரங்குப் பெட்டிதான் புதையல் பெட்டி. பூட்டு துருப்பிடித்துத் திறக்க மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் விட்டால் வரும், ஆனால் இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.