ஒளி வழி மாறும் இடம்

கிரணங்கள் இரண்டு குறுக்கிட்டால் ஒன்றையொன்று தீண்டாமல் போய்விடும் என்பது மாக்ஸ்வெல் சித்தாந்தம். 1934-இல் மாக்ஸ் பார்னும் இன்பெல்டும் வகுத்த சமன்பாடுகளின்படியோ, மின்சாரப் புலம் அதி உக்கிரமானால் ஒளியின் மார்க்கமே மாறிவிடும். மின்னேற்றமும் சுழற்சியும் இல்லாத கருந்துளையில், அதன் எல்லையைப் போல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் ஒளி வட்டமிடும். மின்னேற்றம் மிகுந்தால் அவ்வட்டம் ஐன்ஸ்டீன் கணக்கு காட்டும் இடத்தில் அமையாது. துளையின் நிழலும் அளவு மாறும். 2019-இல் வெளியான எம்87 படத்தைக் கொண்டு இத்தகைய கொள்கைகளுக்கு வரம்பு கட்டுகிறார்கள். ஆனால் மெய்யான துளையில் அவ்வளவு மின்னேற்றம் நிலைக்குமென்று நாம் நம்பவில்லை. சுற்றிலுமுள்ள வாயு அதைத் தீர்த்துவிடும்.

நாஜி ஆட்சியில் பதவியிழந்த பார்ன், ராமன் அழைப்பின்பேரில் 1935-36-இல் பெங்களூரில் இருந்தார். அவரை இங்கேயே நிறுத்திக்கொள்ள ராமன் செய்த முயற்சி பலிக்கவில்லை. நாம் இழந்தவரை 1936-இல் எடின்பரோ பெற்றது.